கணினியை வெண்பா எழுத வைக்க முடியுமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: "பைதான் நிரல்மொழி ஓரளவு தெரியும், யாப்பு அரைகுறை. மதுரையைப் பற்றி ஒரு வெண்பா கேட்டேன். சாட்பாட் கொடுத்ததைத் தமிழ் ஐயாவிடம் காட்டினால், முதல் அடியிலேயே தளை தட்டுகிறது என்கிறார். கணினியை ஒழுங்கான வெண்பா எழுத வைக்க முடியுமா? வந்தால் போட்டிக்கு அனுப்பலாமா?" போட்டியைக் கடைசியில் பார்ப்போம். முதல் கேள்விக்குள்ளேயே இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விதி தவறாத வெண்பாவைக் கணினி தருமா என்றால் தரும், அதில் சந்தேகமே இல்லை. இரண்டாம் ஆண்டு மாணவர் எழுதக்கூடிய நிரல்தான். அது கவிதையாக இருக்குமா என்றால், தானாக இருக்காது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கி எடுக்க வேண்டும். எந்த வழியில் போனாலும், எழுதும் நிரலுக்கு முன்னால் சரிபார்க்கும் நிரலை எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் தொடங்கித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நீங்கள் அனுப்பிய அடியையே எடுத்துக்கொள்வோம்: "மதுரை நகரின் அழகு மீனாட்சி". யாப்பு அரைகுறை என்பதால் ஒரு நினைவூட்டல்: ஒலித்துண்டுதான் அசை, அதில் நேர், நிரை என்று இரண்டு வகை (பிரிக்கும் விதி கீழே வருகிறது). அசைகள் சேர்ந்தது சீர்; அதன் அமைப்புக்கு வைத்த தேமா, புளிமா போன்ற பெயர்தான் வாய்பாடு. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. ஒரு சீர் அடுத்த சீரோடு இணைவது தளை, அந்த இணைப்பு விதி மீறினால் தளை தட்டுகிறது என்பார்கள். இனி அடி: மது/ரை நிரை நேர், புளிமா. நக/ரின் புளிமா. அழ/கு அதுவும் புளிமா. மீ/னாட்/சி நேர் நேர் நேர், தேமாங்காய். வெண்பாவில் மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும், விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் பின் நேர் வர வேண்டும். முதல் இரண்டு இணைப்புகளும் சரி. 'அழகு' மாவில் முடிந்து 'மீ' நேரில் தொடங்குகிறது பாருங்கள், அங்கேதான் ஐயா பிடித்தார். 'அழகு' என்பதை 'அழகெலாம்' ஆக்கினால் அழ/கெலாம், கருவிளம். விளம் முன் நேர், தளை சரியாகிவிடும். "மதுரை நகரின் அழகெலாம் மீனாட்சி" குற்றமில்லாத வெண்பா அடி. நல்ல அடி என்று சொல்லவில்லை.

இனி நிரல். கணினிக்கு எழுத்து என்றால் நாம் நினைக்கும் எழுத்து இல்லை. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைதானிடம் கேட்டால் 5 என்று சொல்லும்; த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. ஆகவே முதல் வேலை, மெய்யையும் அதன் பின்னால் வரும் குறியையும் ஒன்றாகச் சேர்த்து எழுத்துகளாகப் பிரிப்பது. ஓப்பன்-தமிழ் என்ற பைதான் நிரலகம் இதைச் செய்து தரும். நீங்களே எழுதினாலும் பத்துப் பதினைந்து வரிதான். அதற்கு முன் யூனிகோடு இயல்பாக்கத்தை (ஒரே எழுத்து வெவ்வேறு குறிகளாக இருந்தால் ஒரே வடிவமாக்குவது), என்எஃப்சி வடிவத்தை, கட்டாயம் செய்துவிடுங்கள். 'கொ' என்பது சில கோப்புகளில் ஒற்றைக் குறியாகவும் சிலவற்றில் கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், நிரலுக்கு வேறு வேறு. இயல்பாக்கம்கூடப் பிடிக்காத ஒரு திருட்டு உண்டு: ஔவை என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்து வைத்திருப்பார்கள். ஔ/வை தேமா, தவறாகத் தட்டியதோ ஒள/வை என்று புளிமாவாகிவிடும். இதைக் கையால்தான் களைய வேண்டும்.

எழுத்து பிரிந்ததும் ஒவ்வொன்றுக்கும் குறில், நெடில், ஒற்று (புள்ளி வைத்த எழுத்து) என்று ஒரு முத்திரை. பிறகு சீருக்குள் இடமிருந்து வலமாக நடங்கள். நெடில் வந்தால் நேர். குறிலுக்கு அடுத்து ஒற்று இருந்தாலோ அதோடு சீர் முடிந்தாலோ நேர். குறிலுக்கு அடுத்து இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால் இரண்டும் சேர்ந்து நிரை. எந்த அசையானாலும் அதன் பின்னால் நிற்கும் ஒற்றுகளை எல்லாம் விழுங்கிவிட்டுத்தான் நகர வேண்டும். 'எல்லாம்' என்று அழுத்திச் சொல்லக் காரணம், ஒரே ஓர் ஒற்றை மட்டும் விழுங்கும் நிரல் 'வாழ்த்து' போன்ற சொல்லில் த் என்ற எழுத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிடும். ஈற்றுச் சீருக்குத் தனி விதி: நேர் மட்டும் வந்தால் நாள், நிரை மட்டும் வந்தால் மலர், அவற்றோடு உகரம் சேர்ந்தால் காசு, பிறப்பு. கு, சு, டு, து, பு, று இவற்றில் ஒன்றில் முடிகிறதா என்று பார்த்தால் நடைமுறைக்குப் போதும். 'பாடு' கடைசியில் வரலாம், 'வேலை' வரக்கூடாது. இரண்டும் நேர் நேர்தான் என்றாலும்.

இதுவரை சொன்னதில் கருத்து வேறுபாடு கிடையாது. வம்பு ஐகாரத்தில் ஆரம்பிக்கிறது. சொல்லின் முதலில் இல்லாத ஐ குறுகும் என்பதால் அதைக் குறிலாகவும் அலகிடலாம், அதாவது அசை பிரிக்கும்போது குறிலாகக் கணக்கிடலாம். ஒத்தக்கடைப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரிந்த யானைமலையை எடுங்கள். னை நெடில் என்றால் யா/னை/மலை, நேர் நேர் நிரை, தேமாங்கனி. கனிச்சீருக்கு வெண்பாவில் இடமில்லை. னை குறில் என்றால் யா/னைம/லை, நேர் நிரை நேர், கூவிளங்காய், தாராளமாக வரலாம். நிரல் இரண்டு விதமாகவும் அலகிட்டுப் பார்த்து, ஏதாவது ஒன்று பொருந்தினால் ஏற்றுக்கொள்வது நல்லது. கடுமையான ஆசிரியர் ஒருவர் இதற்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்; அதனால் எந்தச் சீரில் இந்தச் சலுகை எடுக்கப்பட்டது என்று நிரல் பக்கத்தில் குறித்துக் காட்டட்டும். ஆய்தமும் இப்படித்தான். பெரும்பாலும் ஒற்றாகவே நடக்கும், ஆனால் 943ஆம் குறளில் "உண்க அஃதுடம்பு" வருகிறதே, அங்கே ஒற்றாக எண்ணினால் மா முன் நேர் வந்து வள்ளுவருக்கே தளை தட்டும். ஆய்தத்தைக் குறிலாக அலகிட்டால் அஃ நிரையாகிக் கணக்கு நேராகிவிடும்.

வள்ளுவர் பேச்சு வந்ததால் சொல்கிறேன், உங்கள் நிரலைச் சோதிக்க 1330 குறளைவிடச் சிறந்த சோதனைத் தாள் கிடைக்காது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்தொகுப்பில் முதல் நூலே அதுதான் (பெயர்தான் மதுரை, வேலை செய்தவர்கள் உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள்). பழைய டிஸ்கி குறியீட்டுக் கோப்பை இறக்கினால் குப்பையாகத் தெரியும், யூனிகோடு கோப்பையே எடுங்கள். ஓட்டிப் பார்த்தால் முதல் தடவை நிறையக் குறள்கள் தோற்கும். பிழை உங்களுடையதாக இருக்கும், அல்லது பதிப்புடையதாக. "என்பதம் மக்கள்" என்று சீர் பிரித்து அச்சிட்டால் என்/பதம் கூவிளம், அடுத்து மக் நேர், சரி. அதையே பொருள் புரியட்டும் என்று "என்ப தம்மக்கள்" என்று பிரித்த பதிப்பில் என்/ப தேமா, அடுத்து தம் நேர், தட்டுகிறது. சீர் வேறு, சொல் வேறு என்பதை நிரலுக்குச் சொல்லித்தர இந்த 66ஆம் குறள் ஒன்றே போதும். அளபெடைச் சொற்களையும் (ஓசையை நீட்ட இடையில் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்தவை) கவனியுங்கள்: 'உறாஅர்' என்பதில் அகரம் சொல்லின் நடுவில் தனியாக நிற்கிறது, உயிரெழுத்து சொல்லின் தொடக்கத்தில் மட்டுமே வரும் என்று எழுதிய நிரல் அங்கே உடையும்.

தோற்க வேண்டியது தோற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கு நம்ம ஊர்ச் சங்கக் கதையில் வரும் "கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி" பாட்டைக் கொடுங்கள். அது ஆசிரியப்பா என்ற வேறு பாவகை, 'வாழ்க்கை' தேமா, 'அஞ்' நேர், வெண்பாச் சோதனையில் இரண்டாவது இணைப்பிலேயே நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையென்றால் நிரல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறது என்று அர்த்தம். அந்தக் கதையில் நக்கீரர் பிடித்தது பொருட்குற்றம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் நிரல் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. கையால் எழுதிய நிரலே வேண்டாம், சரிபார்க்க மட்டும் வேண்டும் என்றால் அவலோகிதம் என்ற இணையச் செயலி இருக்கிறது. பாடலை ஒட்டினால் அசை, சீர், தளை, தொடை (எதுகை, மோனை போன்றவை) எல்லாம் பிரித்துத் தரும். உங்கள் நிரலின் விடையை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இப்போது எழுதும் நிரல். வெண்பாவில் எட்டுச் சீர்கள்தான்: மாவும் விளமும் நான்கு, காய் நான்கு. எந்தச் சீரில் நின்றாலும் அடுத்து வரக்கூடியவை சரியாக நான்கு. மாவுக்குப் பின் நிரையில் தொடங்கும் நான்கு, மற்றவற்றுக்குப் பின் நேரில் தொடங்கும் நான்கு. ஈற்றில் இரண்டு. குறள் வெண்பாவின் ஏழு சீருக்கும் பெருக்கிப் பாருங்கள், முதல் சீருக்கு 8, நடு ஐந்துக்கும் தலா 4, கடைசிக்கு 2. மொத்தம் 16,384 அமைப்புகள். நான்கு அடியில் பதினைந்து சீர் கொண்ட நேரிசை வெண்பாவுக்கு இதே கணக்கு 107 கோடியைத் தாண்டும். மனிதனுக்கு மலைப்பான எண், கணினிக்கு ஒன்றுமில்லை. ஆகவே அமைப்பு ஒரு பிரச்சினையே கிடையாது, அதில் போட்டு நிரப்பும் சொல்தான் பிரச்சினை.

சொற்பட்டியலை இணையத்திலிருந்து லட்சக்கணக்கில் அள்ளாதீர்கள். எழுத்துப் பிழையும் பாதிச் சொற்களும் சேர்ந்து வந்து நிரலை நாறடித்துவிடும். ஒரு பொருளைத் தேர்ந்து, வைகை என்றே வைத்துக்கொள்ளுங்கள், கையால் 300 சொல் எழுதுங்கள். ஒவ்வொரு பெயரையும் வேற்றுமை உருபுகளோடு சேர்த்துச் சேமியுங்கள், ஏனென்றால் உருபு மாறினால் சீர் மாறும்: வைகை தேமா, வைகையில் கூவிளம், வைகைக்கு தேமாங்காய். ஒரே சொல் மூன்று கதவுகளில் நுழைய முடிகிறது. ஒவ்வொரு வடிவத்துக்கும் தொடக்க அசை, முடியும் வாய்பாடு, இரண்டாம் எழுத்து, முதல் எழுத்து, பெயரா வினையா எச்சமா என்ற ஐந்து தகவல்கள் வேண்டும். இரண்டாம் எழுத்து எதுகைக்கு, முதல் எழுத்து மோனைக்கு. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒத்தால் மட்டும் போதாது, முதல் எழுத்தின் அளவும் ஒக்க வேண்டும்: குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். மோனைக்கு இன எழுத்துகளையும் சேருங்கள், சகரத்துக்குத் தகரம், மகரத்துக்கு வகரம், ஞகரத்துக்கு நகரம் என்று.

சில ஊர்ச் சொற்கள் வெண்பாவுக்குள் நுழையவே அடம் பிடிக்கும். ஜல்லிக்கட்டு நான்கு அசை, ஒரு சீரில் அடங்காது. "ஜல்லிக் கட்டு" என்று பிரித்தால் தேமா முன் நேர், தட்டும். அதற்குப் பின்னால் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லைப் போட்டு "ஜல்லிக்கட் டென்றால்" என்று புணர்த்தினால் ஜல்/லிக்/கட் தேமாங்காய், டென் நேர், கச்சிதம். உங்கள் ஊர்ப் பெயரும் அப்படித்தான். திரு/மங்/கலம் புளிமாங்கனி, ஒரே சீராக ஆகாது. "திருமங் கலம்" என்று உடைத்தால் புளிமாவும் மலருமாக வெண்பாவின் வாலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உகரம் கெட்டுப் புணர்வதையும் இப்படிச் சீர் உடைவதையும் நிரலுக்குள் ஒரு தனிச் செயல்கூறாக எழுதாவிட்டால் பாதிச் சொற்கள் வீணாகப் போகும்.

நிரப்பும்போது இடமிருந்து வலமாக நிரப்பாதீர்கள். கடைசியில் எதுகை கிடைக்காமலோ ஈற்றுச் சீர் அமையாமலோ முட்டி நிற்கும். முதலில் எதுகைச் சீர்கள்: குறளில் 1, 5, நேரிசையில் 1, 5, தனிச்சொல்லான 8 மூன்றும் ஒரே எதுகை, 9, 13 இரண்டும் ஓர் எதுகை. அடுத்து ஈற்றுச் சீர். அதன் பிறகு நடுவில் இருப்பவை, பொருந்தாவிட்டால் பின்வாங்கி வேறு சொல் எடுக்கும் முறையில். இப்படி ஓடும் நிரல் தரக்கூடிய ஒன்றைப் பாருங்கள்: "வைகை நதியில் மணக்கின்ற மல்லிகை / வாகை மரத்தில் வழக்கு". தளை சரி, வைகைக்கு வாகை எதுகை, இரண்டு அடியிலும் முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை, பிறப்பு வாய்பாட்டில் முடிவு. மேலே சொன்ன விதிகளில் ஒன்றைக்கூட மீறவில்லை, சுத்தமான உளறல். காரிகை (யாப்பிலக்கண நூல்) கற்றுக் கவி பாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆனால் உளறலிலும் எடுக்க ஏதாவது இருக்கும். மேலே உள்ளதில் வைகை, வாகை என்ற சேர்க்கை நன்றாக இருக்கிறது. ஆறும் மரமும், எதுகை தானாக விழுந்திருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றினால்: "வைகை நதியில் மணலின்றிப் போனபின் / வாகை மரத்துக்கேன் வேர்". மண/லின்/றிப் பழையபடி புளிமாங்காய், போ/னபின் பழையபடி கூவிளம். இரண்டாம் அடியில் 'மரத்தில்' என்ற புளிமா 'மரத்துக்கேன்' என்ற புளிமாங்காயாக மாறியதால் அடுத்து நிரை வரக்கூடாது, நேர் வர வேண்டும். அதனால் பிறப்பு போய் 'வேர்' நாளாக வந்தது. வாகை, வேர் இரண்டுக்கும் இடையே கறாரான மோனை இல்லை, மோனை கட்டாயமும் இல்லை. கணினி கொடுத்தது ஒரு ஜோடிச் சொல், பொருள் வைத்தது ஆள். நிரலோடு கவிதை எழுதுவது நடைமுறையில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: அது ஐம்பது கொடுக்கும், நீங்கள் ஒன்றில் பாதியை எடுப்பீர்கள்.

வாக்கியமாவது ஒழுங்காக வர வேண்டும் என்றால் வார்ப்பு வைத்துக்கொள்ளுங்கள்: பெயர், பெயரெச்சம், பெயர், வினை என்று இடங்களை முன்கூட்டியே முடிவு செய்து, அந்தந்த இடத்துக்கு அந்த வகைச் சொல்லை மட்டும் விடுவது. இது மிகப் பழைய உத்தி. 1952இல் மான்செஸ்டரில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி கணினியைக் காதல் கடிதம் எழுத வைத்ததும், 1959இல் ஜெர்மனியில் தியோ லுட்ஸ் சூசே கணினியில் வாக்கியங்கள் கோத்ததும் இதே வழிதான். தமிழில் 2009இல் சென்னை ஏயு-கேபிசி ஆய்வு மையத்தார், மெட்டைக் குறில், நெடில், மெய் என்ற வரிசையாக மாற்றி அதற்குப் பாட்டு வரி பொருத்தும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். உங்கள் வேலைக்கு நெருங்கிய உறவு அது.

சாட்பாட் ஏன் தடுமாறுகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். அது எழுத்தைப் பார்ப்பதில்லை, துண்டுகளைப் பார்க்கிறது. யூடிஎஃப்-8 குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். அந்தத் துண்டுகள் நம் எழுத்தோடும் அசையோடும் ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை. குறில், நெடில் அதற்குக் காதில் விழாது. பேச்சும் பொருளும் கைவந்து, கணக்கு மட்டும் வராத நிலை. புதிய மாடல்கள் மேம்பட்டுக்கொண்டே வருவதால் இது எத்தனை நாளைக்கு உண்மை என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் சரிபார்க்காமல் நம்பக்கூடாது என்பது மட்டும் உறுதி. அதனிடம் வெண்பா கேட்காதீர்கள். "வைகை வறண்டதைப் பற்றி இரண்டு மூன்று சொற்களில் ஐம்பது தொடர்கள் கொடு" என்று கேளுங்கள். 'வறண்ட' என்பதற்கு மாற்றாக இருபது சொல் கேளுங்கள். வந்ததை உங்கள் சரிபார்க்கும் நிரலில் கொட்டினால், பொருந்துபவை மட்டும் வாய்பாடு வாரியாகப் பிரிந்து நிற்கும். உங்கள் 300 சொல் பட்டியல் வளர இதைவிட விரைவான வழி இல்லை. நிரலே சாட்பாட்டை அழைத்து, தட்டிய இடத்தைச் சொல்லி, "மூன்றாம் சீர் நிரையில் தொடங்கும் வேறு சொல்" என்று திரும்பக் கேட்கும்படியும் அமைக்கலாம். மொத்தப் பாட்டையும் திரும்ப எழுதச் சொன்னால் சரியாக இருந்த இடங்களையும் கெடுத்துவிடும் என்பதால் ஒரு சீரை மட்டும் கேட்பது முக்கியம்.

போட்டி விஷயம். விதிமுறையில் கணினி உதவி கூடாது என்று இருந்தால் அத்தோடு முடிந்தது. ஒன்றும் சொல்லவில்லை என்றால் நடத்துபவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எந்தப் பகுதி நிரலுடையது, எந்தப் பகுதி உங்களுடையது என்று இரண்டு வரி எழுதிச் சேர்த்தால் பிறகு பேச்சு வராது. தளை சரிபார்க்க மட்டும் நிரலைப் பயன்படுத்தியிருந்தால், அகராதி புரட்டியதைப் போன்றதுதான் அது என்பது என் கருத்து. எல்லாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். உரிமை யாருக்கு என்றால், நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினியால் உருவாகும் இலக்கியப் படைப்புக்கு அதை உருவாகச் செய்த நபரையே ஆசிரியர் என்கிறது. நீங்களே சொற்பட்டியல் எழுதி, நீங்களே நிரல் எழுதி, நீங்களே பொறுக்கினால் அந்த நபர் நீங்கள்தான் என்று சொல்வதில் சிக்கல் இல்லை. சாட்பாட்டிடம் ஒரு வரி கேட்டு முழுப் பாட்டையும் வாங்கியவருக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் சட்டம் படித்தவர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.